ஜீவிதாவின் சந்தைப் பக்கமும் என் வாக்குமூலமும்

ஜீவிதாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வயிறுதான் எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு இரண்டு முறை ஆரம்பித்துப் பார்த்தேன். இரண்டும் கல்யாண வாழ்த்துமடல் மாதிரி வந்தன, கிழித்துப் போட்டேன். ஆகவே எரிச்சலோடுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளுங்கள். "அந்தப் பொண்ணு யாரு, என்ன செஞ்சுச்சுன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியணும், நீங்களே எழுதுங்க சார்" என்று ஜீவிதாவின் வக்கீல் ஜின்சி சொல்லியிருக்காவிட்டால் இதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

நான் தனபால். வேலந்தாவளம் முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர் இருப்பது கேரளத்தில், கூப்பிடு தூரத்தில் தமிழ்நாடு. கடையோடு சேர்த்து, கோயமுத்தூரிலிருந்து வரும் ஒரு தமிழ் தினசரிக்கு இருபத்தாறு வருடமாக இந்த எல்லைப் பகுதிச் செய்திகளை அனுப்பி வருகிறேன். ஜீவிதாவுக்கு வயது முப்பத்தொன்று. எங்கள் மாட்டுச் சந்தையைப் பற்றி ஃபேஸ்புக்கில் 'எங்க சந்தை' என்று ஒரு பக்கம் நடத்தினாள். நாற்பத்தோராயிரம் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தப் பக்கம் மூடிக் கிடக்கிறது. மூடியது அரசாங்கம். அதற்கு ஒரு கை கொடுத்தவன் நான்.

அவள் அப்பன் கருப்புசாமி மாட்டுத் தரகர். சந்தையில் தரகர்கள் விலையை வாய்விட்டுப் பேசமாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. எத்தனை விரல், எந்த விரல் என்பதில் விலை இருக்கிறது. கடைசியில் முழுக்கையையும் அழுத்தினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அழுத்திய பிறகு பின்வாங்குகிறவனுக்கு அப்புறம் யாரும் கை நீட்டமாட்டார்கள். கருப்புசாமி அதில் பெரிய ஆள். வடக்கே திருப்பூர்ப் பக்கத்திலிருந்துகூட அவர் கையைத் தேடி வருவார்கள்.

ஜீவிதா பி.காம் படித்துவிட்டு ஒரு தேங்காய் நார் மில்லில் ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், இரண்டு வருடத்தில் அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் எழுதப்போவதில்லை. அவள் வந்த வருடமே கருப்புசாமிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் குழறியது. மற்ற நாளெல்லாம் பேசாமல் படுத்திருக்கிற மனுஷன் சந்தை நாள் வந்தால் விடியற்காலையிலிருந்து இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருப்பாராம். அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அவள் சந்தைக்குப் போனாள். எத்தனை உருப்படி வந்தது, எந்த ஊர் லாரி, எந்தத் தரகர் யாரோடு சண்டை என்று நடந்தபடியே போனில் பேசிப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து அப்பனுக்குப் போட்டுக் காட்டினாள். தட்டுவது நின்றுவிட்டது.

அப்போது கேட்டது ஒரே ஒரு ஆள்தான். பிறகு கருப்புசாமியைப் பார்க்க வந்த தரகர்கள் கேட்டார்கள், எங்களுக்கும் அனுப்பு அம்மிணி என்றார்கள். வாட்ஸாப்பில் போனது. அங்கிருந்து பால் சொசைட்டிக்காரர்கள், பொம்பளைகள், கோவிந்தாபுரம் வரைக்கும் உள்ள தோட்டக்காரர்கள் என்று பரவி, கடைசியில் அவள் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட ஆரம்பித்தாள். கருப்புசாமி இறந்த வாரத்தில்கூட அவள் சந்தைக்கு வந்தாள். பொம்பளைக்குச் சந்தையில் என்ன வேலை என்று டீக்கடையில் சத்தமாகக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அவள் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாள். "வணக்கமுங்க, ஜீவிதா பேசறேன். கண்ணுல கண்டதை மட்டுந்தான் சொல்லுவேன்." விலையைச் சொல்லவே மாட்டாள். அப்பன் கூடவே திரிந்தவளுக்கு விரல் கணக்கெல்லாம் அத்துபடி, துண்டு அசைகிற அசைவிலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று தரகர்களே சொல்வார்கள். ஆனாலும் சொல்லமாட்டாள். மடி பெரிதாகத் தெரிவதற்காக இரண்டு நாள் பால் கறக்காமல் மாட்டை ஓட்டிவந்தால் அதைச் சொல்வாள். கொம்பில் எண்ணெய் பூசிக் கிழட்டு மாட்டை இளசாக்கினால் சொல்வாள்.

சந்தைக்குள் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இல்லை என்று நான் ஐந்து முறை எழுதியிருக்கிறேன். ஐந்தும் அச்சில் வந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவள் ஒரு கன்றுக்குட்டி காய்ந்த குழாயை நக்குவதை அரை நிமிடம் படம் பிடித்துப் போட்டாள். நான்காம் நாள் தொட்டி கட்ட ஆள் வந்துவிட்டார்கள். தொட்டி திறந்த அன்று எங்கள் ஆசிரியர் குழுவிலிருந்து போன் வந்தது. "தனபால், அந்தப் பொண்ணு போட்டிருக்குது, நீங்க ஏன் அனுப்பலை?" ஐந்து முறை அனுப்பினேன் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டார்கள். அன்று மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை.

அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவாள். "உங்க செய்தியப் படிச்சுப் படிச்சுத்தானுங்கண்ணா எனக்கு இந்த ஆசையே வந்துச்சு" என்பாள். பொய்யும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் செய்தி ஒன்றை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்ததைக் கொண்டுவந்து காட்டினாள். நல்லது அம்மிணி என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சொந்த அக்கா நாச்சம்மாள் என் பத்திரிகையை அடுப்பு பற்றவைக்க வைத்துக்கொள்வாள். சந்தை நாள் காலையில் மட்டும் போனைத் தண்ணீர்ப் பானைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஜீவிதா சொல்வதைக் கேட்டபடி பால் கறப்பாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன ஐப்பசியில் ஒரு சந்தை நாள். காலை ஏழு மணி இருக்கும். சந்தைக்குப் பின்பக்கம் இரண்டு லாரியில் மாடு வந்து இறங்கியது. அதில் ஒரு செவலை மாடு வாயில் நூல் நூலாக எச்சில் ஒழுகி நின்றது. முன்னங்காலை மாற்றி மாற்றி வைத்தது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நாக்கில் புண். குளம்பு இடுக்கிலும் புண். பக்கத்தில் இன்னும் மூன்று மாடு அதே மாதிரி. கோமாரி என்று சொல்ல டாக்டர் தேவையில்லை, எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

முதலில் பார்த்தது நான். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் எங்கள் பத்திரிகையில் ஒரு முறை இருக்கிறது. அதிகாரி தரப்பு விளக்கம் இல்லாமல் நோய்ச் செய்தி போகாது. மாட்டாஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பசித்தது. சரி, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று போனேன். இரண்டாவது இட்லியைப் பிட்டபோது எதிரே உட்கார்ந்திருந்தவன் போனில் அவள் குரல். "பின்னால எறங்குன ரெண்டு லாரி மாட்டுல நாலு உருப்படிக்கு வாயில புண்ணு இருக்குதுங்க. எனக்குக் கோமாரியாட்டந் தெரியுது. டாக்டரு வந்து பார்த்துச் சொல்ற வரைக்கும் அந்த வரிசைப் பக்கம் போகாதீங்க. வாங்குனவங்க வீட்டு மாட்டோட சேர்த்துக் கட்டாதீங்க." கடையில் பாதிப் பேர் எழுந்து சந்தைப் பக்கம் ஓடினார்கள். நான் மிச்ச இட்லியைத் தின்றேன்.

எங்கள் பகுதித் தலைவர் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் பால் விவசாயிகள் கூட்டத்தில் மைக் பிடித்து, நம் பகுதியில் கோமாரி அடியோடு ஒழிந்துவிட்டது என்று பேசி மாலை வாங்கியிருந்தார். சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த குப்பண்ணன் அவருடைய ஆள். மத்தியானம் குப்பண்ணன் என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். பத்து வயது மூத்தவர், எழுந்து ஸ்டூலைப் போட்டேன்.

"ஏனுங் நிருபரே, சந்தையில நோவு இருக்குதுன்னு ஒரு புள்ள போனைத் தூக்கிக்கிட்டுக் கத்துது. பத்திரிகைக்காரரு நீங்க ஒண்ணும் எழுதலியே?"

"விசாரிச்சுட்டு எழுதலாமுன்னு இருக்கறனுங்கண்ணா."

"அதுதான் மொறை. படிச்சவங்க, தொழில் தெரிஞ்சவங்க அப்படித்தான் பண்ணுவாங்க. நாளைக்கு ஒரு ஆபீசரு வருவாரு. நோவு மாட்டை நீங்க பார்க்கலீன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும். அந்தப் பக்கத்தை மூடீட்டா அப்பறம் ஊருக்கு நிருபருன்னா நீங்க ஒருத்தருதான்."

சொல்லிவிட்டுத் தோள் துண்டை எடுத்து, விளையாட்டுப் போல, மேசைமேல் இருந்த என் கைமேல் போட்டார். உள்ளே அவர் கை வந்தது. முழுக்கையையும் பிடித்தார். நான் அழுத்தினேன்.

அடுத்த நாள் காலை ஜில்லா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையான மனுஷன், மிரட்டவில்லை, டீகூட அவரே வாங்கித் தந்தார். 'அன்று சந்தையில் இருந்தேன். நோயுள்ள மாடு எதையும் நான் பார்க்கவில்லை' என்று மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துண்டுக்குள் கொடுத்த கை, இனிப் பின்வாங்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாட்டு வியாபாரத்து வழக்கத்தை இதற்கு இழுத்துவந்து ஒட்டவைத்தது என் சாமர்த்தியம். உண்மை என்னவென்றால் அவர் துண்டே போடாவிட்டாலும் நான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

அன்றைக்கே பக்கம் போய்விட்டது. தட்டிப் பார்த்தேன். இந்தியாவில் இது கிடைக்காது என்று ஒரு வரி மட்டும் வந்தது. நான் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைக்கு வந்தவர்களிடம் நன்றாகப் பேசினேன். வீட்டுக்குப் போகும்போது பூ வாங்கிக்கொண்டு போனேன், என் மனைவி என்ன விசேஷம் என்று கேட்டாள்.

ஜீவிதாவுக்கு எதனால் மூடினார்கள் என்றே தெரியவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை. ஒரு கடுதாசி வரவில்லை. அலைந்து அலைந்து விசாரித்ததில் தெரிந்தது இதுதான். இணையத்தில் ஒரு தகவல் தப்பு என்று அதிகாரம் உள்ள ஆபீஸர் ஒருவர் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினால் போதும். குறித்த நேரத்துக்குள் அவர்கள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்கே வம்பு. அவர்கள் எதற்கு வம்பை வாங்குவார்கள்? எழுதியவளுக்கு நோட்டீஸின் நகலைக்கூட யாரும் கொடுக்கவில்லை. கோமாரியா இல்லையா என்று ஒரு டாக்டர் வந்து அந்த மாட்டின் வாயைத் திறந்து பார்க்கவும் இல்லை. தலைவர் ஒழிந்தது என்றார், அதனால் ஒழிந்தது.

அவள் என் கடைக்கு வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தாள்.

"அண்ணா, நீங்களும் அங்கதான நின்னீங்க. அந்தச் செவலை வாயை நீங்கதான் மொதல்ல கிட்டப் போய்ப் பார்த்தீங்க. நான் பின்னாடி வந்தனுங்க. ஹைகோர்ட்டுல கேஸ் போடறோம். பார்த்தேன்னு ஒரு கடுதாசி குடுங்கண்ணா."

நான்தான் முதலில் பார்த்தேன் என்பதை இந்த உலகத்தில் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவள். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"பத்திரிகைக்காரன் கோர்ட்டுக்கெல்லாம் வர முடியாது அம்மிணி. ஆபீசுல ஒத்துக்கமாட்டாங்க."

"சரிங்கண்ணா" என்று எழுந்து போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த சந்தை நாளில் என் அக்கா நாச்சம்மாள் ஒரு மாடு வாங்கினாள். அவளுக்கு வீட்டில் ஏற்கெனவே இரண்டு கறவை, ஒரு கிடாரிக் கன்று. மாமா போன பிறகு அந்த மாடுகள்தான் அவளுக்கு எல்லாம். வாங்கிய மாட்டைக் கொண்டுவந்து அவற்றோடு ஒரே கொட்டகையில் கட்டினாள். ஐந்தாம் நாள் நான்கு வாயிலும் எச்சில். கறவைகள் இரண்டும் தீவனத்தைத் தொடவில்லை. பால் நின்றுவிட்டது. கிடாரிக் கன்று எட்டாம் நாள் செத்தது. நான் போனபோது சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

"கேக்காமக் கொள்ளாம ஏன்க்கா வாங்குனே?" என்றேன். எதையாவது சொல்ல வேண்டுமே.

"கேக்காம என்னடா? விடிய விடியப் போனைத் தட்டித் தட்டித்தான் பார்த்தேன். அந்தப் புள்ள வரவே இல்லை. டவரு தமிழ்நாட்டுப் பக்கம் தாவிருச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். நம்மூருல அது தெனமும் நடக்கறதுதான். சரி, போன சந்தையில நோவுன்னு சொன்ன புள்ள, இந்தச் சந்தையிலயும் நோவு கீவு இருந்தா எப்படியாவது சொல்லியிருக்கும், ஒண்ணும் சொல்லலீன்னா ஒண்ணும் இல்லீன்னு போயி வாங்கிப்போட்டேன்."

எல்லையில் இருக்கிற எங்களுக்குப் போன் வேலை செய்யாவிட்டால் டவரைத்தான் திட்டத் தெரியும். அரசாங்கம் ஒருத்தி வாயை மூடியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அக்கா மட்டும் இல்லை. அந்த வாரம் அதே நினைப்பில் பதினேழு பேர் மாடு வாங்கியிருந்தார்கள். பால் சொசைட்டியில் கேன் பாதியாகக் குறைந்தது.

"அந்தப் புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியாடா? உனக்குத் தெரியாம இருக்காதே, என்னன்னு விசாரி" என்றாள் அக்கா. கன்று செத்துக் கிடக்கிறது, அப்போதும் அவளைத்தான் கேட்கிறாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. குழி வெட்ட ஆள் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜீவிதாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் நினைத்தேன். போகவில்லை. மூன்றாம் நாள் அவளே வக்கீலோடு வந்துவிட்டாள். ஜின்சி தேவிகுளத்துக்காரி. அப்பா அம்மா தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்க, லைன் வீட்டில் இருந்து படித்து வக்கீலான பெண். ஃபைலைத் திறந்து ஒரு தாளை என் மேசைமேல் வைத்தாள். என் கையெழுத்து. அரசாங்கம் கோர்ட்டில் கொடுத்த பதிலோடு அதைச் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதான். டாக்டர் சான்றிதழ் இல்லை, பரிசோதனை இல்லை, என் இரண்டு வரிதான்.

ஜீவிதா அந்தத் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"எப்படிங்கண்ணா எழுதுனீங்க?"

"குப்பண்ணன் துண்டு போட்டாரு. கையை அழுத்திட்டேன் அம்மிணி."

அவளுக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன். "துண்டுக்குள்ளார பேசறது வெலைங்கண்ணா. நோவை எவனும் துண்டுக்குள்ள பேசறதில்லை. மாட்டுக்கு நோவு இருந்துச்சுன்னா எங்கப்பன் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நடுச்சந்தையில நின்னு கத்துவாரு. தரகனே அதை மறைக்கமாட்டான். நீங்க மறைச்சுட்டீங்களே."

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். "சொல்லுங்க, அடிக்கறேன்" என்றேன். ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறவன், எனக்கு நானே அடித்துக்கொண்டேன். நான் இன்னார், இன்ன தேதியில் சந்தையில் இருந்தேன், நான்கு மாடுகளின் வாயிலும் குளம்பிலும் புண்ணைப் பார்த்தேன், முன்னர் எழுதிக் கொடுத்தது பொய். அதுவரை தடையில்லாமல் வந்தது.

"இப்ப ஏன் பொய் எழுதுனீங்கன்னு ஒரு வரி வேணும் சார்" என்றாள் ஜின்சி. "மிரட்டி வாங்கிட்டாங்கன்னு போட்ருவோம். குப்பண்ணன் வந்தாரு, ஆபீஸரு நிர்ப்பந்திச்சாருன்னு. ஜட்ஜு லேசா நம்பிருவாரு. உங்களுக்கும் மானம் போகாது, கேஸும் நல்லா நிக்கும்."

எனக்கு அது தேன் மாதிரி இனித்தது. விரலை எழுத்தின்மேல் வைத்துவிட்டேன்.

"மிரட்டுனாங்களாண்ணா?" என்று ஜீவிதா கேட்டாள்.

எழுத்தின்மேல் இருந்த விரலை எடுத்தேன். "இல்லை" என்றேன்.

"அப்ப அது வேண்டாம் ஜின்சி. நான் கண்ணுல காணாத எதையும் எம் பக்கத்துல போட்டதில்லை. அந்தப் பக்கத்தைக் காப்பாத்தறதுக்கு இல்லாததைக் கோர்ட்டுல போடறதா?"

"ஏய், கேஸு தோத்துப் போச்சுன்னா பக்கம் வராது, தெரியும்ல? காரணமே இல்லாம ஒரு மனுசன் பொய் எழுதுவானான்னு ஜட்ஜு கேட்டா நான் என்ன சொல்றது?"

"காரணம் அண்ணனுக்குத் தெரியும்" என்றாள் ஜீவிதா.

அவளுக்கும் தெரிந்திருந்தது. தொட்டி கட்டிய அன்றிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு முறையும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு அந்த நிமிடத்தில் இருந்த பொறாமை அதுவரை இருந்ததைவிடப் பெரியது. அவளுக்குத் தோற்றுப் போகத் தைரியம் இருந்தது. எனக்கு ஜெயிப்பதற்கே பொய் தேவைப்பட்டது.

அடித்தேன். 'என்னை யாரும் மிரட்டவில்லை. எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. ஜீவிதாவின் செய்தியை எல்லாரும் கேட்கிறார்கள், என் செய்தியை யாரும் படிப்பதில்லை என்ற பொறாமையினால் அவ்வாறு எழுதிக் கொடுத்தேன்.' பிரிண்ட் எடுத்தேன். ஜின்சி இரண்டு முறை படித்தாள். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்தாள்.

"இதுவே போதும்னு தோணுது சார்" என்றாள். "மிரட்டல் வேண்டாம், லஞ்சம் வேண்டாம். ஒரு ஊரு காதை அடைக்க ஒரு மனுசனோட வயித்தெரிச்சலு போதும்னு சட்டம் வச்சிருக்காங்க. அதையே ஜட்ஜுக்கிட்ட சொல்லிப் பார்க்கேன்."

நோட்டரி ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்து படியில் நிற்கும்போது ஜீவிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணா, பக்கம் திரும்பக் கெடச்சா இந்தக் கடுதாசியத்தான் மொதல்ல போடலாமுன்னு இருக்கறனுங்க. மாடு வாங்கி ஏமாந்தவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியோணுமல்ல. உங்க பேரை எடுத்துப்போட்டு, ஒரு நிருபருன்னு மட்டும் போட்டுக்கறேன்."

எங்கள் பத்திரிகையில் என் மாதிரி ஆட்களுக்குப் பெயர் போடுவதில்லை. எதை எழுதினாலும் மேலே 'நமது நிருபர்' என்றுதான் வரும். இருபத்தாறு வருடத்தில் வெள்ளம் எழுதினேன், செக்போஸ்ட் எழுதினேன், தொட்டி எழுதினேன். ஒன்றின் மேலும் தனபால் என்று வந்ததில்லை. என் பெயரை முதன்முதலாகப் போடலாமா வேண்டாமா என்று கேட்டது அவள்தான், அதுவும் எதற்கு என்று பாருங்கள்.

"பேரோடவே போடு அம்மிணி" என்றேன். "தனபால், வேலந்தாவளம்னு போடு."

அக்காவிடம் அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. கேஸ் இரண்டு முறை தள்ளிப் போயிருக்கிறது, பக்கம் இன்னும் திறக்கவில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக நான் அதைத் தட்டிப் பார்க்கிறேன்.